வணிக ஆங்கிலம்: ‘பத்து நாள் ஆகும்’ என்பதை எப்படிப் படிப்பது, எப்படி எழுதுவது?



வெளி மாநில ஆலைகளிடம் சரக்குக் கேட்கும்போது விலையிலும் எடையிலும் நாம் ஏமாறுவதில்லை. அவை எண்ணாகக் கண் முன்னே நிற்கின்றன. ‘எத்தனை நாள் ஆகும்’ என்பதில்தான் தடுமாறுகிறோம். அதிலும் எண் இருக்கிறது. ஆனால் எண்ணுக்கு முன்னால் நிற்கும் சிறு சொல்லை நாம் கவனிப்பதில்லை.

1994-இல் தீபாவளிக்குப் பதினான்கு நாள் இருக்கும்போது வடக்கே ஓர் ஆலையிலிருந்து எங்கள் மண்டிக்குத் தந்தி வந்தது. ‘லாரி வில் லீவ் இன் டென் டேஸ்’ என்றிருந்தது. பத்து நாளில் புறப்படும், அதாவது நாளையே புறப்பட்டாலும் புறப்படும் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஒரு வாரத்தில் கடலைப்பருப்பு வந்துவிடும் என்று சில்லறைக் கடைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்தோம். லாரி பத்தாம் நாள் புறப்பட்டது. வழியில் ஐந்து நாள். தீபாவளிக்கு மறுநாள் எங்கள் வாசலில் வந்து நின்றது. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டோம். பண நட்டம் அடுத்த பருவத்தில் சரியாகிவிட்டது. ஆனால் எங்கள் சொல்லை நம்பி வேறிடத்தில் வாங்காமல் இருந்த கடைக்காரர் ஒருவர் அன்று போனவர், இன்றுவரை திரும்பவில்லை.

ஆலைக்காரர் மீது குற்றமில்லை. அவர் எழுதியபடியே செய்தார். நாங்கள்தான் தவறாகப் படித்தோம். அதற்குப் பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறோம்.

1. டேக்: ‘ஆகும்’, ‘பிடிக்கும்’

ஒரு வேலைக்கு வேண்டிய காலத்தைச் சொல்ல ஆங்கிலேயர் ‘டேக்’ என்ற சொல்லையே பெரும்பாலும் ஆள்கிறார்கள். ‘அன்லோடிங் டேக்ஸ் த்ரீ ஹவர்ஸ்’ என்றால், சரக்கை இறக்க மூன்று மணி நேரம் பிடிக்கும். நாம் வேலை நேரத்தைப் ‘பிடிக்கும்’ என்கிறோம். அவர்கள் வேலை நேரத்தை ‘எடுக்கும்’ என்கிறார்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

இதையே ‘இட் டேக்ஸ் த்ரீ ஹவர்ஸ் டு அன்லோட்’ என்றும் எழுதலாம். இந்த ‘இட்’ எந்தப் பொருளையும் குறிப்பதில்லை. வாக்கியம் தொடங்குவதற்காக மட்டும் நிற்கிறது. யாருக்கு ஆகும் என்று சொல்ல வேண்டுமானால் ‘இட் டேக்ஸ் அஸ் த்ரீ ஹவர்ஸ்’ என்று ஆளை இடையில் சேர்க்க வேண்டும். ‘ஆகும்’ என்பதை அப்படியே பெயர்த்து ‘த்ரீ ஹவர்ஸ் வில் பிகம்’ என்று எழுதக் கூடாது. நாங்களும் ஒரு காலத்தில் அப்படி எழுதியவர்கள்தான்.

2. இன்: ஒரு சொல், இரு பொருள்

எங்களை ஏமாற்றியது இதுதான். ஒரு வேலையை முடிக்க எவ்வளவு காலம் செலவாயிற்று என்று சொல்லும்போது ‘இன்’ வரும். ‘வீ அன்லோடட் தி லாரி இன் த்ரீ ஹவர்ஸ்’ என்றால் மூன்று மணி நேரத்தில் இறக்கி முடித்தோம். 1873-இல் நூலாக வெளிவந்த ஜூல்ஸ் வெர்னின் பிரெஞ்சு நாவலை ஆங்கிலத்தில் ‘அரவுண்ட் தி வேர்ல்ட் இன் எய்ட்டி டேஸ்’ என்பார்கள். உலகைச் சுற்றி முடிக்க எண்பது நாள் என்பதே அந்த ‘இன்’. கதையில் வரும் பந்தயமே அந்த எண்பது நாளைப் பற்றியதுதான்.

ஆனால் இனி நடக்கப்போவதைச் சொல்லும்போது, ‘தி லாரி வில் லீவ் இன் டென் டேஸ்’ என்றால், இன்றிலிருந்து பத்து நாள் கழிந்த பிறகு என்பதே வழக்கமான பொருள். நம் தமிழில் ‘பத்து நாளில்’ என்றால் அதற்கு முன்னும் நடக்கலாம் என்று காது கேட்கிறது. இந்த இடத்தில் தமிழை ஒதுக்கி வையுங்கள். ‘இன் டென் டேஸ் டைம்’ என்று எழுதியிருந்தால் பொருள் இன்னும் தெளிவு: பத்து நாள் கழித்துத்தான்.

3. வித்இன், பை, டில்

பத்து நாளுக்குள் எந்த நாளிலும் என்றால் ‘வித்இன் டென் டேஸ்’. குறிப்பிட்ட தேதிக்குள் என்றால் ‘பை தி டென்த்’. தமிழில் இரண்டுக்கும் ‘உள்’ ஒன்றே போதும். ஆங்கிலத்தில் நாட்கணக்குக்கு ‘வித்இன்’, தேதிக்குப் ‘பை’.

‘டில்’ என்பது ‘வரை’. ‘தி ரேட் இஸ் குட் டில் தி டென்த்’ என்றால் பத்தாம் தேதி வரை அந்த விலை நிற்கும். இதில் ஓர் எச்சரிக்கை. இந்தியில் ‘தக்’ என்ற ஒரே சொல் ‘வரை’ என்பதற்கும் ‘அதற்குள்’ என்பதற்கும் வரும். அதனால் இந்தி பேசும் வணிகர் சிலர் ‘பை’ எழுத வேண்டிய இடத்தில் ‘டில்’ எழுதுவதுண்டு. ‘ஸெண்ட் பேமெண்ட் டில் டென்த்’ என்று வந்தால், பத்தாம் தேதிக்குள் பணம் அனுப்பச் சொல்கிறார் என்று கொள்ளுங்கள்.

சட்டத்திலும் ‘வித்இன்’ கண்டிப்பானது. காசோலை பணமின்றித் திரும்பினால், செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி, வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அறிவிப்பைப் பெற்றவர் 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். இந்தக் கணக்கில் அசட்டையாக இருந்தவர்கள் வழக்கையே இழந்திருக்கிறார்கள்.

4. ஃபார்: நீடித்த காலம்

‘தி லாரி வெயிட்டட் ஃபார் த்ரீ ஹவர்ஸ்’ என்றால் மூன்று மணி நேரம் காத்து நின்றது. ‘ஃபார்’ நீடித்த காலத்தை மட்டும் சொல்லும்; வேலை முடிந்ததா என்று சொல்லாது. ‘வீ அன்லோடட் ஃபார் த்ரீ ஹவர்ஸ்’ என்று எழுதினால் இறக்கி முடித்ததற்கு அது அத்தாட்சி ஆகாது. லாரிக்காரர் காத்திருப்புக் கூலி கேட்கும்போது இந்த வேறுபாடு பணமாகிவிடும்.

5. நாளை எண்ணும் முறை

‘ஃபார்ட்நைட்’ என்பது ஆங்கிலேயருக்குப் பதினான்கு இரவு, அதாவது இரண்டு வாரம். நாமோ பதினைந்து நாள் என்று எண்ணிவிடுகிறோம். ‘ஒர்க்கிங் டேஸ்’ என்றால் விடுமுறை நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ‘ஃப்ரம்’ வந்தால் மத்தியச் சட்டங்களில் முதல் நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம், 9-ஆம் பிரிவு அதற்கு வழி சொல்கிறது. பில்லிலும் அப்படியே எண்ணுவது நல்லது.

பயிற்சி

(அ) 5-ஆம் தேதி ஆலை எழுதுகிறது: ‘தி கூட்ஸ் வில் பி ரெடி இன் எ வீக்’. நீங்கள் 8-ஆம் தேதி லாரி அனுப்பலாமா?

(ஆ) பில் தேதி 1. ‘பே வித்இன் ஃபிஃப்டீன் டேஸ் ஃப்ரம் தி டேட் ஆஃப் பில்’. கடைசி நாள் எது?

(இ) ‘மூட்டை கட்ட இரண்டு நாள் ஆகும்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதுக.

விடைகள்: (அ) கூடாது. 12-ஆம் தேதிதான் சரக்குத் தயாராகும். (ஆ) 16-ஆம் தேதி. (இ) ‘பேக்கிங் வில் டேக் டூ டேஸ்’.

முடிவாக ஒன்று. தந்திச் சேவை 2013-இல் நின்றுவிட்டது. இன்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. ஆனால் ‘இன்’ அதே ‘இன்’தான். ஐயம் வந்தால் வெட்கப்படாமல் ‘எந்தத் தேதியில் புறப்படும், எந்தத் தேதியில் வந்து சேரும்’ என்று திருப்பிக் கேட்டுத் தேதியாகவே வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுங்கள்.