கை ஓங்காத வீரம்



ஒவ்வொரு சந்திப்பிலும் ஸலாம் சொல்கிறோம். எதிரில் இருப்பவருக்குச் சாந்தியைக் கேட்கும் துஆ அது. நாவில் வரும் இந்த துஆ, கோபம் வரும் நேரத்தில் நம் கையைத் தடுக்கிறதா என்பதே இம்மாதப் பாடம்.

நபி (ஸல்) அவர்கள் மக்காவில் 13 ஆண்டுகள் அழைப்புப் பணி செய்தார்கள். பிலால் (ரலி) சுடுமணலில் வதைக்கப்பட்டார்கள். சுமையா (ரலி) கொல்லப்பட்டார்கள். அப்போதும் முஸ்லிம்கள் பதிலுக்குக் கை ஓங்கவில்லை. ஹிஜ்ரி 8-ல் அதே மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. பழி தீர்க்கப் பலம் இருந்த அந்த நாளில் நபியவர்கள் பொது மன்னிப்பு வழங்கினார்கள். இயலாத காலத்தில் பொறுமை, இயன்ற காலத்தில் மன்னிப்பு: இரண்டும் சேர்ந்ததே அவர்களின் வழி.

நம் நாட்டு விடுதலைப் போரில் இந்த வழியில் நடந்தவர் 'எல்லை காந்தி' கான் அப்துல் கஃப்பார் கான். பெஷாவர் பகுதியில் 1890-ல் பிறந்தவர். தம் அகிம்சைக்கு நபியவர்களின் மக்கா வாழ்க்கையையே ஆதாரமாகக் காட்டினார். பழிக்குப் பழி வாங்குவதைக் குலப்பெருமையாகக் கருதிய பட்டாணியரிடையே, 1929-ல் 'குதாயீ கித்மத்கார்' (இறைவனின் ஊழியர்கள்) என்ற இயக்கத்தைத் தொடங்கினார். சேருபவர் வன்முறையையும் பழிவாங்குவதையும் விடுவதாகவும், தீங்கு செய்தவரை மன்னிப்பதாகவும், தினமும் குறைந்தது 2 மணி நேரம் பொதுப்பணி செய்வதாகவும் உறுதிமொழி எடுத்தார்கள்.

1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில், நிராயுதபாணிகளாக நின்ற மக்கள் மீது ஆங்கிலேயப் படை சுட்டது. பலர் ஷஹீதானார்கள். சுடும்படி உத்தரவு வந்தபோது, சந்திர சிங் கர்வாலி தலைமையிலான கர்வால் படைவீரர்கள் மறுத்துவிட்டார்கள். அதற்காகத் தண்டனையும் ஏற்றார்கள். ஆயுதம் இல்லாதவர்களின் பொறுமை, துப்பாக்கி ஏந்தியவர்களின் மனத்தையும் தொட்டது.

அந்த உறுதிமொழியில் 2 மணி நேர வேலை ஏன் சேர்ந்தது? அடிக்காமல் இருப்பது பாதி வேலைதான். வெறுமனே அடக்கி வைத்த கோபம் என்றாவது வெடிக்கும். தெருவைச் சுத்தம் செய்யவும் பிறருக்கு உதவவும் பழகிய கை அவ்வளவு எளிதில் ஓங்காது.

மன்னிப்பு என்றால் அநியாயத்துக்குத் தலையாட்டுவது என்று எண்ண வேண்டாம். கான் சாஹிப் அநியாயத்தை எதிர்த்ததால்தான் ஆங்கிலேயர் ஆட்சியிலும், பின்னர் பாகிஸ்தானிலும் பல ஆண்டுகள் சிறையில் இருந்தார். உரிமையைக் கேளுங்கள், ஜமாஅத்திடமும் சட்டத்திடமும் முறையிடுங்கள். பழியை மட்டும் விடுங்கள்.

நமக்குப் பெஷாவர் வெகுதூரம். ஆனால் பாகப்பிரிவினையில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பி, மருமகளிடம் எரிந்து விழும் மாமியார், வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியைக் கோபத்தோடு அனுப்பும் இளைஞர் எல்லாரும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். இந்த மாதம் முயன்று பார்ப்போம்:

1. கோபம் வந்தால், நபியவர்கள் கற்றுத்தந்தபடி, நிற்பவர் உட்காருவோம், அடங்காவிட்டால் படுத்துக்கொள்வோம்.

2. மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருக்கும் உறவினருக்கு நாமே முந்தி ஸலாம் சொல்வோம். முந்துபவரே சிறந்தவர் என்பது நபிமொழியின் கருத்து.

3. வாரத்தில் 2 மணி நேரமாவது, மதம் பாராமல் அண்டை வீட்டாருக்குப் பயன்படும் ஒரு வேலை செய்வோம்.

குடும்பத்தோடு அமர்ந்து பேசுங்கள்: நான் மன்னிக்க வேண்டியவர் யார்? என்னை மன்னிக்க வேண்டியவர் யார்?

அல்லாஹ் நம் வீடுகளில் சாந்தியைத் தருவானாக. ஆமீன்.