மழைக்கு முன் தீவன மூட்டையைத் திறந்து பார்க்க வேண்டும்: சோயா இல்லாத் தீவனத்தில் கறிக்கோழி வளர்ப்போருக்குப் பருவகால ஆலோசனை

மலேசியாவில் வடகிழக்குப் பருவக்காற்று பொதுவாக நவம்பர் முதல் மார்ச் வரை வீசினும், மேற்குக் கரையிலுள்ள கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம் மாவட்டங்களை மிகுதியாக நனைப்பது அதற்கு முன்வரும் பருவமாற்றக் காலமே ஆகும். அக்டோபரில் பிற்பகல் இடிமழை வழக்கமாகி, செம்பனைத் தோட்டத்து வீடுகளின் பின்கட்டில் சுவரும் தரையும் காயாமல் கிடக்கும் இந்த வாரங்களில்தான், தீபாவளிக்கென்று ஆகஸ்டில் வாங்கிவிட்ட கம்பத்துக் கோழிக் குஞ்சுகள் சதை பிடித்து, நாளுக்கு நாள் கூடுதலாகத் தீவனம் தின்கின்றன. தீவனச் செலவு உச்சத்தில் இருக்கும் காலமும் தீவனம் கெடுவதற்கு மிக ஏற்ற காலமும் ஒன்றாகச் சேர்வதால், இவ்வறிக்கை மற்ற எல்லாவற்றையும்விடத் தீவனப் பூசணத்தைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறது.

சோயாவைத் தவிர்த்துத் தீவனம் கலப்போரின் நோக்கத்தில் குறை காண இடமில்லை. மலேசியக் கோழித் தீவனத்தின் இரு தூண்களான மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் பெரும்பாலும் கப்பலில் வருபவை. 2022இல் தீவன விலை ஏறிக் கோழிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, அவ்வாண்டு ஜூன் 1 முதல் அரசு கோழி ஏற்றுமதியையே நிறுத்த நேர்ந்தபோது, உள்ளூரில் கிடைப்பதைக் கொண்டு கலந்துகொள்ளும் எண்ணம் பல வீடுகளில் வேரூன்றியது. சோயா ஒவ்வாமை உள்ள குடும்பத்தினர் சிலரும் இத்தகைய கோழியைக் கேட்டு வாங்குகின்றனர். தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல் ஆலைகளின் நொய்யும் தவிடும், மீனவக் கிராமங்களின் மீன் தூளும், செம்பனை விதைப் பிண்ணாக்கும், தேங்காய்ப் பிண்ணாக்கும் இவ்வட்டாரத்திலேயே கிடைப்பதால் அது நடைமுறைக்கு உகந்த முயற்சியும் ஆகும்.

ஆயினும் சோயாவை எடுத்துவிட்டு வேறொரு பிண்ணாக்கை அதே அளவில் போட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று கருதுவது தவறு. சோயாப் பிண்ணாக்கில் புரதம் 44 முதல் 48 விழுக்காடு வரை உள்ளது. செம்பனை விதைப் பிண்ணாக்கில் அது 16 விழுக்காட்டை ஒட்டியும் தேங்காய்ப் பிண்ணாக்கில் 20 விழுக்காட்டை ஒட்டியும் நிற்பதோடு, சதை வளர்ச்சிக்கு இன்றியமையாத லைசின் என்னும் அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டும் அடிப்படைக் கூறுகளில் ஒன்று, இரண்டிலும் குறைவு. கடலைப் பிண்ணாக்கில் புரதம் மிகுதியாக இருந்தும் லைசின் குறைவே. இக்குறையை ஈடுசெய்வது மீன் தூள். உப்புக் கருவாட்டை இடித்துப் போடுவது மீன் தூளுக்கு மாற்று ஆகாது, அந்த உப்பே குஞ்சுகளைக் கொல்லும். ஐந்து வாரம் கடந்த கம்பத்துக் கோழிக்கு 100 கிலோ கலவையில் மக்காச்சோளம் 50, நொய் 10, தவிடு 10, செம்பனை விதைப் பிண்ணாக்கு 10, தேங்காய்ப் பிண்ணாக்கு 6, மீன் தூள் 12, சுண்ணாம்புத் தூளும் தாது வைட்டமின் கலவையும் சேர்ந்து 2 கிலோ என்று வைத்துக்கொண்டால் புரதம் ஏறத்தாழ 16 விழுக்காடு அமையும். இளங்குஞ்சுக்கு இது போதாது. அதற்கு 20 விழுக்காடு வேண்டும். அறுப்பதற்கு இரு வாரம் முன்பே மீன் தூளைக் குறைக்காவிடில் கறியில் மீன் வாடை ஏறும்.

சோயா விலகிய இடத்தில் வந்து அமரும் பொருள்களே பூசணத்துக்கு மிகவும் இணங்கியவை என்பதுதான் இப்பருவத்தின் பேரிடர். நிலக்கடலை, மக்காச்சோளம், சரியாக உலராத கொப்பரை ஆகியவற்றில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பச்சை மஞ்சள் நிறப் பூசணம் எளிதில் பற்றி, அஃப்ளாடாக்சின் எனும் நஞ்சைச் சுரக்கிறது. சோயா இதற்கு இவற்றைப் போல அத்தனை எளிதாக ஆட்படுவதில்லை. 1960இல் இங்கிலாந்தில் 1,00,000க்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் மடிந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கே மூலம் என்று தெரியவந்து, அந்த ஆய்வின் வழியாகத்தான் இந்நஞ்சு உலகுக்கு அறிமுகமாயிற்று. மலேசியரும் இதன் பெயரை மறந்திருக்க முடியாது: 1988இல் பேராக்கில் நூடல் உண்டு 13 குழந்தைகள் இறந்த துயரத்தில், போரிக் அமிலத்தோடு காரணமாகக் கூறப்பட்டது இதே அஃப்ளாடாக்சின்தான்.

ஆகவே, பூசணம் கண்ட தீவனத்தைக் கோழிக்குப் போடவே கூடாது. மேலே படிந்ததை வழித்தெறிந்துவிட்டு அடியில் இருப்பதைப் போடுவதும் கூடாது. நல்ல தீவனத்தோடு கலந்து நீர்க்கச் செய்து போடுவதும் கூடாது. வெயிலில் உலர்த்தினால் பூசணம் வளர்வது நிற்குமே தவிர, அது ஏற்கெனவே சுரந்த நஞ்சு தங்கிவிடும். அடுப்பிலேற்றிக் கஞ்சியாகக் காய்ச்சினாலும் கொதிநீரின் சூட்டுக்கு அந்நஞ்சு அழிவதில்லை. இவ்வளவும் பலமுறை சொல்லப்பட்டும், பணம் கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனமில்லை என்று சொல்லி, கட்டிப்பட்ட பிண்ணாக்கை உதிர்த்துத் தொட்டியில் போடுவோர் இன்னும் இருக்கின்றனர். ஒரு மூட்டையின் விலையைக் காக்க முனைந்து ஒரு கூண்டுக் கோழியையே இழப்பதைச் சிக்கனம் என்று ஏற்க முடியாது.

கோழிகள் ஒரே நாளில் கொத்துக் கொத்தாகச் சாவதில்லை என்பதால் பலர் இந்நஞ்சை அடையாளம் காணாமல் போகின்றனர். தீனி எடுப்பது குறைந்து, எடை நின்று, கொண்டையும் காலும் வெளிறி, சிறகு சிலிர்த்து நிற்கும் கோழிகள் ஒன்றிரண்டாக விழும். எதிர்ப்பாற்றல் குன்றுவதால் போட்ட தடுப்பூசியும் பலன் தராமல், வெள்ளைக் கழிச்சல் நோய் புகுந்துவிடும். அப்போது பழி சீக்கின் மேல் விழுகிறது, மூட்டை தப்பிக்கிறது. பூசணம் கண்ணுக்குத் தெரியாத தீவனத்திலும் நஞ்சு இருக்கக்கூடும் என்பதையும், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இளங்கோழிகளுக்கான மக்காச்சோளத்தில் 1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை என்பதையும் நோக்கினால், முகர்ந்து பார்த்து நல்லது என்று முடிவு கட்டுவதில் உள்ள ஆபத்து விளங்கும்.

தீவனத்தை இரு வாரத் தேவைக்கு மேல் வாங்கக் கூடாது. தவிடு அதற்கும் முன்பே சிக்கு வாடை அடிக்கும். மூட்டை தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் நிற்க வேண்டும். கலந்த தீவனம் மூடியுள்ள பீப்பாயில், கூரை ஒழுகாத இடத்தில் இருக்க வேண்டும். வெயில் படும் பிளாஸ்டிக் பையில் உள்ளே வியர்த்து ஈரம் கோக்கும். பழையது தீர்ந்து, பீப்பாயைத் துடைத்து உலர்த்திய பின்னரே புதியதைக் கொட்ட வேண்டும். அடியில் தங்கிய ஒரு கைப்பிடிப் பழந்தீவனமே புதிய மூட்டைக்கு வித்தாகிறது. தொட்டியில் நனைந்ததை அன்றே அகற்ற வேண்டும். நஞ்சை ஈர்க்கும் களிமண் தூள்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றை நம்பிக் கெட்ட தீவனத்தைப் போடலாம் என்பது வேண்டாத துணிவு.

எஞ்சியவை வழக்கமானவை. கூரையின் ஓட்டையை அடைக்க வேண்டும். நனைந்த உமியை வாரி எறிந்து புதிது பரப்ப வேண்டும். ஈரப் படுக்கை இரத்தக் கழிச்சலை வளர்க்கும். குஞ்சுக்கு இரவில் விளக்கு வேண்டும். தடுப்பூசி நாள் தவறக் கூடாது. 2021 டிசம்பர் வெள்ளத்தை நினைவில் வைத்து ஆற்றோர வீட்டார் கூண்டை உயர்த்த வேண்டும். 2007இல் சுங்கை பூலோ அருகே பாயா ஜாராஸில் பறவைக் காய்ச்சல் கண்டது கொல்லைக் கோழிகளில்தான். இப்போது வலசைப் பறவைகள் கோல சிலாங்கூர்க் கரையில் இறங்கும் காலமாதலால், கோழியைச் சதுப்பு ஓரம் மேயவிடக் கூடாது.

ஐயம் எழுந்த உடனே அத்தீவனத்தை நிறுத்தி வேறு தீவனம் கொடுக்க வேண்டும். ஒதுக்கியதை வாத்துக்கோ நாய்க்கோ மாட்டுக்கோ போடாமல் புதைக்க வேண்டும். வாத்து இந்நஞ்சுக்குக் கோழியைவிட விரைவில் இரையாகும், மாட்டின் பாலிலோ நஞ்சு இறங்கும். இறந்த கோழியை ஓடையில் எறியாமல், இரு கைப்பிடித் தீவனத்தோடு சேர்த்து மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் காட்ட வேண்டும். தீபாவளிக்கு அறுக்கும்போது ஈரல் வெளிறி மஞ்சளித்து, வீங்கி, விரல் பட்டதும் நொறுங்கினால், அந்த ஈரலைச் சமைக்கவோ குழந்தைக்கு ஊட்டவோ கூடாது; கூண்டில் எஞ்சிய கோழிகளின் தீவனத்தை அன்றே மாற்றிவிட வேண்டும்.