ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் கிளினிக்கில் முதல் வாரம்

அன்பு மகளுக்கு,

மத்திய ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் நர்ஸ் வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அங்கே அடிக்கும் வெயிலைப் பற்றித்தான் பேச்சு. இந்தச் சித்தியின் கவலை வேறு. பழங்குடி மக்களின் கிளினிக்கில் ஒரு புது நர்ஸ் முதல் வாரம் எப்படி நடந்துகொள்வாள்?

கேள்வி கேட்பாள். எதிரே இருக்கும் பாட்டி தரையைப் பார்த்தபடி பேசாமல் இருப்பார். அது மரியாதை, யோசனை. நர்ஸுக்கோ காது கேட்கவில்லை என்று தோன்றும், குரலை உயர்த்துவாள். “மாத்திரை போடறீங்களா?” “ஆமா.” “தினமும்?” “ஆமா.” பல சமயம் அந்த ஆமாவுக்கு அர்த்தம், சீக்கிரம் எழுந்து போகவேண்டும் என்பதுதான்.

பெயரிலும் கவனம் வேண்டும். இறந்தவரின் பெயரை அங்கே பல சமூகங்களில் உச்சரிப்பதில்லை. அதே பெயர் உயிரோடிருக்கும் ஒருவருக்கும் இருந்தால், மத்திய ஆஸ்திரேலியாவில் அவரைக் ‘குமன்ஜாயி’ என்று அழைப்பார்கள். ஃபைலைப் பார்த்து வராந்தாவில் பெயரைக் கூவுகிற நர்ஸ், துக்கத்தில் இருக்கும் குடும்பத்தைக் காயப்படுத்திவிடுவாள்.

இந்த மக்களின் பயத்துக்குக் காரணம் உண்டு. சுமார் 1970 வரை அரசும் தேவாலய அமைப்புகளும் அவர்களுடைய குழந்தைகளைப் பிடுங்கிக்கொண்டு போயின; சிலரைப் பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்தே. அதற்கு நாடாளுமன்றத்தில் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13 அன்றுதான். அந்தக் குழந்தைகளில் பலர் இன்று தாத்தா பாட்டிகளாக அதே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்படிப் பயத்தோடு வருபவர்களை எப்படி நடத்துவது என்று யோசித்தவர்கள் உண்டு. நியூஸிலாந்தின் பழங்குடியான மாவோரி இனத்தைச் சேர்ந்த நர்ஸ் இரிஹபெட்டி ராம்ஸ்டன் 1980களின் கடைசியில் ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்ற கருத்தை வளர்த்தெடுத்தார். மாவோரிப் பழக்கங்களை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை அவர். நர்ஸ் முதலில் தன் அதிகாரத்தையும் முன்முடிவுகளையும் பார்க்கவேண்டும். சிகிச்சை பாதுகாப்பாக இருந்ததா என்பதை நோயாளிதான் சொல்லவேண்டும் என்றார். 1992இல் அந்நாட்டு நர்ஸிங் கவுன்சில் இதைப் படிப்பில் கட்டாயமாக்கியது. சித்தி நர்ஸிங் படித்த காலத்தில் நோயாளியை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஆஸ்திரேலியாவில் பழங்குடியினர் அதற்கும் முன்பே தாங்களே கிளினிக் திறந்தார்கள். சிட்னியின் ரெட்ஃபெர்னில் 1971இல் முதலாவது வந்தது. கண் மருத்துவர் ஃபிரெட் ஹாலோஸ் போன்றவர்கள் அங்கே உதவினார்கள். நிர்வாகம் மட்டும் அந்தச் சமூகத்தின் கையில்.

இதெல்லாம் நடைமுறையில் எப்படி என்பதற்கு ஓர் உதாரணம். ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல ஆண்டுகளுக்கு. தவறினால் மறுபடியும் காய்ச்சல் வந்து இதய வால்வு கெடலாம். மருந்து கெட்டியானது, கடுமையாக வலிக்கும். பக்குவம் தெரிந்த நர்ஸ் சிரிஞ்சை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குவாள். எந்தப் பக்கம் போடலாம் என்று குழந்தையைக் கேட்பாள். பாட்டிக்கு அவர் மொழியிலேயே விளக்கப் பழங்குடிச் சுகாதாரப் பணியாளரைக் கூப்பிட்டு உட்காரவைப்பாள். அவர்கள் பேசி முடிக்கும்வரை ஊசியை எடுக்கமாட்டாள்.

போய்ச் சேர்ந்ததும் ஃபோன் வரட்டும்.

அன்புடன்,
சித்தி