டியூக்ஸ்பரி: இரு நதிகளுக்கு இடைப்பட்ட ஊர்

ஆங்கிலநாட்டுச் சரித்திரத்திற் போர்களையும் மன்னர்களையும் பெரிதும் கற்கின்ற நாம், சிற்றூர்களின் வரலாற்றைக் கருதுதல் அரிது. ஆற்றங்கரையிலுள்ள ஓர் ஊரின் இயல்பை ஆறே எவ்வாறு உருவாக்குகின்றது என்பதை டியூக்ஸ்பரியைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இவ்வூர் கிளாஸ்டர்ஷயரில், செவர்ன், ஏவன் என்னும் இரு நதிகள் கூடுமிடத்தில் உள்ளது. இங்குள்ள மடாலயத்தின் பேராலயம் 1121-ஆம் ஆண்டிற் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. அதற்குரிய கற்கள் நார்மண்டியிலுள்ள கான் நகரினின்றும் கடலைக் கடந்து, செவர்ன் வழியே மரக்கலங்களில் வந்து சேர்ந்தன. ஆறு வாணிகத்திற்கும் பெருவழியாயிற்று. அரைத்த கடுகோடு காரமான ஒருவகை வேரைச் சேர்த்து இவ்வூரார் உருட்டி விற்ற உருண்டைகள், ஷேக்ஸ்பியர் தம் நாடகத்திற் குறிப்பிடுமளவு புகழ்பெற்றன.

1471-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள், நான்காம் எட்வர்டு இவ்வூர்ப்புறத்தில் லங்காஸ்டர் கட்சியாரை முறியடித்தான். ஆலயத்துள் அடைக்கலம் புகுந்த தலைவர்களும் வெளியே கொணரப்பட்டுச் சிரச்சேதம் செய்யப்பட்டனர்.

1540-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடாலயம் கலைக்கப்பட்டது. துறவிகளின் உறைவிடங்கள் இடிபட்டன. ஆலயத்திற்கும் அக்கதியே நேர்ந்திருக்கும். ஆயின், அது தாம் தொழும் கோயிலென்று வாதாடிய ஊரார், கூரையின் ஈயத்திற்கும் மணிகளுக்கும் விலையாக 453 பவுன் கொடுத்து அதனை மீட்டனர். மன்னர்தம் வெற்றியினும் ஊராரின் இச்செயலே நம் சிந்தைக்கு உரியது.

ஆறு வளந்தருவதோடு வெள்ளமுந் தரும். ஆதலின் முன்னோர் ஆலயத்தையும் வீடுகளையும் மேட்டுநிலத்தில் அமைத்து, தாழ்ந்த புல்வெளியை நீருக்கு விட்டனர். இடம் போதாமையின் வீடுகள் நெருங்கின. அவற்றினூடே ஒடுங்கிய சந்துகள் தோன்றின. இன்றும் அவை இவ்வூருக்கு அணியாம்.

2007-ஆம் ஆண்டு ஜூலை மாதப் பெருமழையில் வெள்ளம் ஊரைச் சூழ்ந்தது. ஆலயம் தீவுபோல் நின்றது. ஆற்றருகே கட்டிய குடிநீர் நிலையமோ வெள்ளத்துள் அகப்பட்டது. அதனால் அவ்வட்டாரத்தில் ஏறக்குறைய 3,50,000 மக்கள் பல நாட்கள் குழாய்நீரின்றி வருந்தினர். எங்கும் நீராயிருந்தும் குடிக்க நீரில்லை!

ஆற்றுக்குரிய இடத்தை ஆற்றுக்கு விடுதலும், ஊர்ப்பொதுவாகிய செல்வத்தை ஊராரே காத்தலும் இச்சிற்றூர் நமக்குக் கற்பிக்கும் பாடங்களாம்.