பட்டமா? சான்றிதழா?

பின்னலாடைத் தொழிலால் வாழும் திருப்பூரில், மேனிலைத் தேர்வு முடிந்ததும் பெற்றோர் நம்மிடம் கேட்கும் வினா இது. பணியின் இயல்பை நோக்கியே விடை காணல் வேண்டும்.

ஓவர்லாக், பிளாட்லாக் எந்திரங்களில் தைப்போரிடம் கைத்திறனே பார்க்கப்படுகிறது. தொழிற்பயிற்சி நிலையங்கள் வழங்கும் ஓராண்டுத் தையல் தொழில்நுட்பச் சான்றிதழ் அதற்குப் போதும். விரைவில் ஊதியம் வேண்டும் குடும்பத்திற்கு அது கைகொடுக்கும்.

ஆயின், அயல்நாட்டு வணிகரோடு மடல் தொடர்பு கொண்டு, மாதிரிக்கு ஒப்புதல் பெற்று, சரக்கு கப்பலேறும் வரை பொறுப்பேற்கும் மெர்ச்சண்டைசர் பணிக்கு மொழியறிவும் கணக்கறிவும் தேவை. அங்கே பட்டம் துணை நிற்கும். 1997இல் தொழில்துறையினரே திருப்பூரில் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியை நிறுவியமை ஈண்டு நினைக்கத்தக்கது. வங்கி அலுவலர் தேர்வுக்கும் பி.எட். படிப்புக்கும் பட்டமின்றி நுழைவே இல்லை.

எனவே, வறுமையால் சான்றிதழைத் தேர்வோர் கல்வியை அத்துடன் நிறுத்தலாகாது. பணியாற்றிக்கொண்டே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பயிலலாம். மேனிலைக் கல்வியின்றி நேரே பெறும் திறந்தநிலைப் பட்டம் தமிழக அரசுப் பணிக்கு ஏற்கப்படுவதில்லை என்பதை மட்டும் மறத்தலாகாது. பட்டம் பயில்வோரும், 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழியே தொழில்திறன் ஒன்றைக் கற்றல் நன்று. இவ்விரு வழிகளும் நம் பெண்மக்களுக்கும் அடைபடாதிருக்கப் பெரியோர் துணைநிற்க வேண்டுகிறோம்.