ஓய்வுக்காலப் பயம் குறைய ஒன்பது குறிப்புகள்

ரிட்டயர்மென்ட் நெருங்க நெருங்க, "இனி எப்படி ஓட்டப் போறோம்?" என்ற கவலை எல்லா வீட்டிலும் உண்டு. நம் நாஞ்சில் நாட்டுப் பக்கம் கைகொடுக்கிற சில வழிகள் இதோ, சொந்தங்களே!

1. பால், காஸ், கரண்ட், மாத்திரை, மீன் எனச் செலவுகளைத் தனித்தனி வரியாக மூன்று மாதம் நோட்டில் எழுதுங்கள். கல்யாண வீட்டுச் சுருளுக்கும் ஒரு வரி போடுங்கள். கை கடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

2. 60 முடிந்தால் தபாலாபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 8.2 சதவீத வட்டியில் 10 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும்; இடையில் வட்டி குறைந்தாலும் சேர்ந்த நாள் வட்டிதான் 5 வருஷமும். வட்டி வரும் ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரிக்கே இன்ஷூரன்ஸ், வீட்டு வரியைத் தள்ளி வையுங்கள்.

3. மாதா மாதம் காசு வேண்டுமா? அங்கேயே மாத வருமானத் திட்டத்தில் கணவன், மனைவி கூட்டாக 15 லட்சம் வரை போடலாம்.

4. அண்டி ஆபீஸ் மாறி மாறி வேலை பார்த்தவர்கள் பழைய பி.எஃப். கணக்குகளை ஒரே யு.ஏ.என். எண்ணில் சேர்த்துவிடுங்கள். 10 வருஷம் தேறினால் 58 வயதில் பென்ஷன் உண்டு. அவசரத்துக்கு எடுத்துத் தீர்த்துவிடாதீர்கள்.

5. பி.எஃப். பென்ஷன்காரர்கள் நவம்பர் கூட்டத்தில் நிற்க வேண்டாம். ஆயுள் சான்றிதழை எந்த மாதமும் கொடுக்கலாம், ஒரு வருஷம் செல்லும். தபால்காரரே வீட்டுக்கு வந்து பதிந்து தருவார்.

6. பிரஷர், சுகர் மாத்திரைக்குக் காசு கரைகிறதா? 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் பதியுங்கள், வீடு தேடி இலவசமாக வரும்.

7. கூடுதல் வட்டி என்றால் சற்று நில்லுங்கள். 2017-ல் நம் மாவட்ட எல்லையில் ஒரு நிதி நிறுவனம் பூட்டியபோது தமிழ்நாடு, கேரளம் இரண்டு பக்கத்தாரும் தவித்தார்கள். வங்கியிலோ அசலும் வட்டியுமாக 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. அதற்கு மேல் என்றால் இன்னொரு வங்கியில் போடுங்கள்.

8. வீட்டையும் விளையையும் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுக்க அவசரப்படாதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், "எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அது மீறப்பட்டால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா என்று கூச வேண்டாம். பாசம் வேறு, பத்திரம் வேறு.

9. பணக் கணக்கை ராத்திரி பார்க்காதீர்கள். காலையில் காப்பி குடித்துக்கொண்டு வீட்டுக்காரரோடு பாருங்கள், பாதிப் பாரம் இறங்கும். அப்படியும் தூக்கம் பிடிக்காவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.