வீட்டில் வயதான நாய், பூனை இருக்கிறதா?

நாய்க்கு ஏழு, பூனைக்குப் பத்து வயது தாண்டிவிட்டால் நோய் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

1. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் ரத்தமும் சிறுநீரும் சோதிக்கச் சொல்லுங்கள். பூனையின் சிறுநீரகக் கோளாறு வெளியே தெரிவதற்குள் முற்றிவிடும். கூடுதல் சோதனைக்கு செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

2. மாதம் ஒருமுறை எடை பாருங்கள். தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். காரணமின்றி மெலிந்தால் உள்ளே நோய் இருக்கலாம்.

3. நாய்க்கு இதயப்புழுத் தடுப்பு மருந்தை ஒரு மாதமும் விடாதீர்கள். அதைப் பரப்புவது கொசு. நம் ஊரில் கொசு இல்லாத மாதம் ஏது?

4. கிள்ளானில் வெள்ளம் ஏறும் பகுதியென்றால் நாய்க்கு எலிச் சிறுநீர் நோய்க்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். தேங்கிய நீரில் அந்தக் கிருமி உயிரோடிருக்கும்.

5. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளின் டைல்ஸ் தரையில் பாய் விரியுங்கள். வழுக்கினால் மூட்டுவலி கூடும்.

6. வலிக்கிறதே என்று பனடோல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரே மாத்திரை பூனையின் உயிரைப் பறித்துவிடும்.

பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால், மறுநாளே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.